பதிப்பு மாறியபோது பேரேட்டைத் திரும்பக் கட்டிய வேலை

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு வீட்டுக் கராஜில் சனிக்கிழமை மதியங்களில் கூடி மேசைப் போர் விளையாட்டு ஆடும் எங்கள் குழுவில் இரண்டு விளையாட்டுகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, பண்டைக்காலப் படைகளைச் சிறு உருவங்களாக வைத்து ஆடும் டி பெல்லிஸ் ஆன்டிக்விடாட்டிஸ். எல்லோரும் அதை டி.பி.ஏ. என்றே சொல்வோம். மற்றொன்று, தொலைதூர எதிர்காலக் கற்பனை உலகில் நடக்கும் வார்ஹாமர் 40,000. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேரேடு வைத்திருக்கிறோம். யார் யாரோடு ஆடினார்கள், எந்தப் படை, எப்படிப்பட்ட நிலம், எந்த அணி எந்தச் சுற்றில் அழிந்தது, முடிவு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். 2023-இல் வார்ஹாமரின் 10-ஆம் பதிப்பு வந்தபோது அந்தப் பேரேட்டை அப்படியே தொடர்ந்து எழுத முடியாத நிலை வந்தது. அதைப் பிரித்துத் திரும்பக் கட்டிய வேலையும், அதையொட்டி மேசையிலும் அளவுகோலிலும் செய்த வேலைகளும்தான் இந்தப் பதிவு.

இரண்டு விளையாட்டுகளும் புதுப்பிக்கப்படும் வேகம் வேறு வேறு. டி.பி.ஏ. 1990-இல் வந்தது, 2.0 என்ற பதிப்பு 2001-இல், 3.0 என்ற பதிப்பு 2014-இல். ஒரு பதிப்பைப் படித்து, அதிலேயே ஊறி, அதன் நுணுக்கங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு அங்கே காலம் கிடைக்கிறது. வார்ஹாமர் 1987-இல் தொடங்கியது. 2014-இல் 7-ஆம் பதிப்பு, 2017-இல் 8, 2020-இல் 9, 2023-இல் 10 என்று அண்மைக் காலத்தில் மூன்று ஆண்டுக்கு ஒன்றாக வந்துகொண்டிருக்கிறது. நீண்ட போர்த்தொடர் ஒன்றைத் தொடங்கினால் அது முடிவதற்குள் விதிநூல் மாறிவிடும் என்பதை இந்த விளையாட்டில் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். பதிவு வைப்பவருக்கு இதுதான் முதல் சிக்கல்.

சிக்கலின் ஆழத்தை லேண்ட் ரெய்டர் என்ற ஒரே ஒரு கவச வண்டியையும் அதைச் சுடும் லாஸ்கேனன் என்ற கனரக ஆயுதத்தையும் வைத்துக் காட்டலாம். எங்கள் பேரேட்டில் பல பக்கங்களில் 'லேண்ட் ரெய்டர் அழிந்தது, லாஸ்கேனன்' என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. 7-ஆம் பதிப்பில் அந்த வண்டிக்கு நான்கு பக்கமும் கவச மதிப்பு 14. லாஸ்கேனனின் வலிமை 9. அதோடு ஒரு பகடையைக் கூட்டி 14-ஐத் தொட வேண்டும். ஆகவே 5 விழுந்தால் உரசல், அதாவது சிறு சேதம்; 6 விழுந்தால்தான் கவசத் துளைப்பு. சாதாரணப் போல்ட்டர் துப்பாக்கியின் வலிமை 4, கூட்டினாலும் 10-ஐத் தாண்டாது. அந்த வண்டியை அதனால் எதுவுமே செய்ய முடியாது. 8-ஆம் பதிப்பில் கவச மதிப்பு என்ற முறையே நீக்கப்பட்டு, வண்டிகளுக்கும் காலாட்களைப் போலவே உறுதி என்ற எண் தரப்பட்டது. லேண்ட் ரெய்டரின் உறுதி 8 ஆனதால், வலிமை 9 உள்ள லாஸ்கேனன் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தாலே காயப்படுத்தியது. போல்ட்டருக்குக்கூட 6 விழுந்தால் ஒரு வாய்ப்பு கிடைத்தது. 10-ஆம் பதிப்பில் வண்டியின் உறுதி 12, லாஸ்கேனனின் வலிமையும் 12. ஆகவே 4 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். உருவம் அதுவேதான், அதே வண்ணப்பூச்சு, அதே கீறல். ஆனால் பேரேட்டின் அந்த ஒற்றை வரி மூன்று வெவ்வேறு அளவிலான சாதனைகளைக் குறிக்கிறது. எந்தப் பதிப்பில் நடந்தது என்று வரியின் பக்கத்தில் எழுதாவிட்டால், பத்து ஆண்டு கழித்துப் படிப்பவர் அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

வெற்றிப் புள்ளிகளில் இந்தச் சிக்கல் இன்னும் மறைவாக இருக்கிறது. 9-ஆம் பதிப்பின் போட்டி ஆட்டங்களில் முதன்மை இலக்குக்கு 45, துணை இலக்குகளுக்கு 45, முழுதும் வண்ணம் பூசிய படைக்கு 10 என்று மொத்தம் 100 புள்ளி. 10-ஆம் பதிப்பு வந்தபோது முதன்மைக்கு 50, துணைக்கு 40, வண்ணத்துக்கு 10 என்று ஆயிற்று. மொத்தம் அதே 100. ஆகவே பழைய பக்கத்தில் உள்ள 78–61 என்ற முடிவும் புதிய பக்கத்தில் உள்ள 78–61 என்ற முடிவும் ஒன்றுபோலவே கண்ணுக்குத் தெரியும், ஆனால் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. முழுமையாக மாறிப்போன எண்களைவிட, மாறியும் மாறாததுபோல் தோன்றும் எண்களே பேரேட்டுக்குக் கூடுதல் கெடுதல் செய்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார்; நாங்கள் பெரியப்பா என்றே கூப்பிடுவோம். வாழ்நாள் முழுதும் கணக்கு எழுதியவர். பழைய முடிவுகளையெல்லாம் புதிய பதிப்பின் கணக்குக்கு மாற்றி எழுதிவிடலாம் என்று ஒரு தம்பி சொன்னபோது அவர் மறுத்தார். "1961-இல் பவுண்டு போய் ராண்ட் வந்தபோது எங்க அப்பா கடைப் பேரேட்டுல பழைய வரியை அழிக்கல, தம்பி. கீழே ஒரு கோடு போட்டார், ஒரு பவுண்டுக்கு இரண்டு ராண்ட்னு எழுதினார், அடுத்த பக்கத்துல புதுக் கணக்கு தொடங்கினார். பழைய பக்கம் பழைய பணத்துலயேதான் இருக்கணும்" என்றார். அந்த ஒப்பீடு எங்கள் வேலைக்கு நேராகப் பொருந்தியது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பவுண்டுக்கும் ராண்டுக்கும் இடையே நிலையான மாற்று விகிதம் இருந்தது. விதிப் பதிப்புகளுக்கு இடையே அப்படி எதுவும் கிடையாது. எனவே கோடு போடுவது இங்கே இன்னும் அவசியம்.

அதன்படி பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் செங்குத்தாகப் பிரித்தேன். இடப்பக்கம் மேசையில் நடந்தது மட்டும்: நாள், ஆடியவர்கள், படை, நிலத்தின் கைவரைபடம், எந்த அணி எந்தச் சுற்றில் எதனால் அழிந்தது, கடைசியில் களத்தில் நின்றவை எவை. வலப்பக்கம் விதிநூல் சொன்னது: பதிப்பு எண், படையின் புள்ளி மதிப்பு (ஒவ்வொரு அணிக்கும் விதி தரும் விலையின் கூட்டல்), இலக்குகள், வெற்றிப் புள்ளி. இடப்பக்கத்தில் எழுதப்படும் எதுவும் விதிநூலைத் திறக்காமலே புரிய வேண்டும் என்பதுதான் நான் வைத்துக்கொண்ட ஒரே அளவை. வலப்பக்கத்தில் பதிப்பு எண் மட்டும் போதாது என்பதும் விரைவில் தெரிந்தது. 10-ஆம் பதிப்பில் புள்ளி மதிப்புகள் ஆண்டுக்குப் பல முறை திருத்தப்பட்டு இணையத்தில் வெளியிடப்பட்டன. ஆகவே எந்த மாதத்துத் திருத்தம் என்பதையும் சேர்த்து எழுதுகிறோம். 'பதிப்பு 10, ஜூன்' என்பதுபோல ஒரு சிறு குறிப்பு, அவ்வளவுதான்.

பழைய பேரேட்டில் 'கொன்ற எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை எடுத்துவிட்டேன். வார்ஹாமரின் கவச வீரரான ஸ்பேஸ் மரைனின் பழைய வகைக் காலாளுக்குப் பல பதிப்புகளாக ஒரு காயமே தாங்கும் திறன் இருந்தது. 9-ஆம் பதிப்பு வந்த 2020-இல் அது இரண்டாயிற்று. ஐந்து மரைன்களை வீழ்த்தியது என்ற வரி அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றல்ல. அதற்குப் பதிலாக, முழுதாக அழிந்த அணிகளை மட்டும் பெயரிட்டு எழுதுகிறோம். இது எண்ணிக்கையைப் போலச் சண்டையைக் கிளப்புவதில்லை. கதையையும் நன்றாகச் சொல்கிறது.

எழுதுகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது கராஜில் தண்ணீர் புகுந்து பழைய பேரேடு நனைந்தது. ஊர் இழந்தவற்றின் முன் இது ஒரு பொருட்டே இல்லை. ஆயினும் காய வைத்துப் பார்த்தபோது, மை ஊறிய பக்கங்கள் நீலக் கறையாகிவிட, பென்சிலால் எழுதிய நிலவரைபடங்கள் கோடு பிசகாமல் இருந்தன. அதனால் புதிய பேரேடு கெட்டி அட்டை போட்ட கணக்குப் புத்தகம், எழுதுவது 2பி பென்சில். கைப்பேசிச் செயலியில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் எழுந்தது. ஆனால் புதிய பதிப்பு வந்ததும் நாங்கள் பயன்படுத்திய செயலியில் பழைய படைப்பட்டியல்கள் திறக்காமல் போயின. மேலும் 2023 மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த ஆண்டு. சார்ஜ் விளக்கின் வெளிச்சத்தில் தாளில் எழுதுவது எப்போதும் முடிகிறது.

அடுத்து, நடப்பில் இருந்த குரூசேட், அதாவது ஆட்டத்துக்கு ஆட்டம் அதே படை வளர்ந்துகொண்டே போகும் வார்ஹாமர் போர்த்தொடர். இதில் ஒவ்வொரு அணிக்கும் ஓர் அட்டை உண்டு. ஆட்டத்துக்கு ஆட்டம் அனுபவப் புள்ளி சேர்ந்து, 6, 16, 31, 51 என்ற படிகளைத் தொடும்போது அணி உயர்நிலை அடையும். இந்தப் படிகள் 9, 10 என்ற இரண்டு பதிப்பிலும் ஒன்றே என்பதால் அட்டைகள் பெரும்பாலும் அப்படியே கடந்து வந்தன. சிக்கல் படையின் வழங்கல் வரம்பில், அதாவது ஒருவர் தன் படையில் சேர்க்கக்கூடிய அணிகளின் மொத்த மதிப்பில் வந்தது. 9-ஆம் பதிப்பில் அது பவர் என்ற மதிப்பளவில் 50 என்று தொடங்கும். ஒருமுறை உயர்த்தினால் 5 பவர் கூடும். 10-ஆம் பதிப்பில் பவர் என்ற அளவே இல்லை; வரம்பு 1000 புள்ளியில் தொடங்குகிறது, ஒருமுறை உயர்த்தினால் 200 கூடுகிறது. 50 என்பது 1000 ஆயிற்று என்றால் இருபதால் பெருக்கினால் போதுமே என்று தோன்றும். நான்கு முறை உயர்த்திய ஒருவருக்குப் பழைய வரம்பு 70 பவர். இருபதால் பெருக்கினால் 1400. ஆனால் அவர் புதிய பதிப்பில் தொடங்கி அதே நான்கு முறை உயர்த்தியிருந்தால் 1800 பெற்றிருப்பார். நீண்ட காலம் ஆடி உழைத்தவருக்கு 400 புள்ளி இழப்பு.

பேரேட்டில் வரம்பின் எண் மட்டும் இருந்திருந்தால் இதைச் சரிசெய்ய வழியே இருந்திருக்காது. நல்லவேளையாக, எந்த நாளில் யார் எதை உயர்த்தினார் என்று நிகழ்ச்சியாக எழுதி வைக்கும் பழக்கம் எங்களிடம் இருந்தது. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எத்தனை உயர்வுகள் என்று எண்ணி, புதிய விதிப்படி முதலிலிருந்து கணக்கிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு நாளும் ஓர் ஆட்டமும் இருந்தன. நிகழ்ச்சியை எழுதினால் எண்ணைத் திரும்ப உண்டாக்கலாம், எண்ணை மட்டும் எழுதினால் நிகழ்ச்சியை மீட்க முடியாது. போர்த்தொடர் நடத்தும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்.

கடந்து வராதவையும் இருந்தன. 10-ஆம் பதிப்பில் கேரக்டர் (தனித் தலைவர் உருவம்) அல்லாத அணி, அதற்கென்று தனிச் சலுகை வாங்கினாலொழிய, 30 அனுபவப் புள்ளிக்கு மேல் சேர்க்க முடியாது. 34 புள்ளியோடு நின்ற ஓர் அணி எங்களிடம் இருந்தது. அதன் உயர்வைப் பிடுங்க யாருக்கும் மனமில்லை. அந்தச் சலுகையை ஏற்கெனவே வாங்கியதாக எல்லோரும் ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலையும் நாளிட்டு அட்டையின் பின்புறம் எழுதினோம். ஏழு பேர் கொண்ட அணி வைத்திருந்தவர்களுக்கு வேறொரு சங்கடம். ஆள் கணக்கில் புள்ளி கொடுத்த முறை போய், ஐந்து அல்லது பத்து என்ற நிலையான அளவுகளுக்கே விலை வந்ததால், ஏழு பேருக்கும் பத்துப் பேரின் விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஆயுதங்களுக்குத் தனி விலை இல்லாமற்போனதும் பலருக்குக் கசப்பு. படைப்பட்டியல் எழுதும் வேலை இதனால் கால்வாசியாகக் குறைந்தது உண்மை. ஆனால் மலிவான ஆயுதத்தோடு சிக்கனமாகப் படை கட்டும் ஆட்டக்காரரின் திறமைக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. பதிவாளனாக எனக்கு இந்த மாற்றம் வசதி. ஆட்டக்காரனாக அதை நான் விரும்பவில்லை.

ஆட்டத்தின் நடையும் மாறியது. மந்திரம் போன்ற மன ஆற்றல்களைப் பயன்படுத்தும் மனவலிமைக் கட்டம் தனியாக இருந்தது நீக்கப்பட்டு, அந்த ஆற்றல்கள் அந்தந்த அணியின் ஆயுதமாகவோ திறனாகவோ ஆயின. இழப்பால் அணியின் மனம் குலைகிறதா என்று பார்க்கும் குலைவுச் சோதனை ஒவ்வொருவர் ஆடும் முறையின் தொடக்கத்துக்கு வந்தது. பழைய பக்கங்களில் 'மனவலிமைக் கட்டத்தில் அழிந்தது' என்று இருக்கும் வரிகளை அப்படியே விட்டிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு என்னவென்று கேட்கிறார்கள். கேட்கட்டும், சொல்வதற்கு நாங்கள் இருக்கிறோம். பழகியவர்களுக்குத்தான் கடினம். கை பழைய வரிசையிலேயே பகடையை எடுக்கிறது. அதனால் முதல் சில மாதங்கள், ஆட்டத்தின் நடுவே எழுந்த விதி ஐயங்களையும் அன்றைக்கு ஒப்புக்கொண்ட தீர்வையும் வலப்பக்கத்தின் அடியில் எழுதி வைத்தோம். ஒரே வாக்குவாதம் இரண்டாம் முறை வருவதை அது பெரிதும் தடுத்தது.

டி.பி.ஏ. பக்கம் வேலை வேறு வகை. அங்கே பேரேட்டுக்குச் சேதம் குறைவு. அளவுகோல்தான் மாற வேண்டும். குழுவில் சிலர் 2.0-இன் திருத்தமான 2.2 பதிப்பையும் சிலர் 3.0 பதிப்பையும் ஆடுகிறார்கள், எனவே இரண்டுக்கும் கோல் தேவை. பழைய பதிப்பில் தூரம் தப்படியில் சொல்லப்படும்; 15 மி.மீ. உருவங்களுக்கு 100 தப்படி என்பது 25 மி.மீ. புதிய பதிப்பில் அலகு பேஸின் அகலமே, அதாவது உருவங்கள் ஒட்டப்பட்ட அடித்தட்டின் முகப்பு, 15 மி.மீ. உருவங்களுக்கு அது 40 மி.மீ. வாள்வீரர் அணி முன்பு 200 தப்படி, அதாவது 50 மி.மீ. நகர்ந்தது, இப்போது இரண்டு அகலம், 80 மி.மீ. வில்லாளிகளின் அம்பு எட்டும் தூரம் 50 மி.மீ.யிலிருந்து மூன்று அகலமாக, 120 மி.மீ.யாக நீண்டது. மேசையோ அதே 600 மி.மீ. சதுரமாக இருக்கலாம். 300 மி.மீ. இடைவெளியைக் கடக்க வாள்வீரருக்கு முன்பு ஆறு நகர்வு வேண்டும், இப்போது நான்கு போதும். படைகள் விரைவில் மோதுகின்றன. பக்கவாட்டில் சுற்றி வளைக்க நினைப்பவர் முதல் நகர்விலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இந்த மாற்றம் ஆட்டத்துக்கு நல்லது என்றே நினைக்கிறேன்.

கோலை 3 மி.மீ. பிளைவுட் துண்டில் அறுத்தேன்: 20 மி.மீ. அகலம், 320 மி.மீ. நீளம், எட்டு அகலங்கள். கோடுகளை அளவுநாடாவால் குறிக்காமல், உண்மையான பேஸ்களை வரிசையாக வைத்து அவற்றின் விளிம்பில் கத்தி முனையால் குறித்தேன். வெட்டி விற்கப்படும் பேஸ்களில் அரை மில்லிமீட்டர் வேறுபாடு சாதாரணம், எட்டு சேரும்போது அது கண்ணுக்குத் தெரியும். பிறகு இரும்பு ரம்பத் தகட்டால் ஒவ்வொரு குறியிலும் சிறு வெட்டு. டர்பனின் ஈரக்காற்றில் மரம் ஊதும் என்பதால் வார்னிஷ் இரண்டு பூச்சு, அறுத்த முனைகளுக்கு மூன்று. ஈரம் நுழைவது முனைகள் வழியாகத்தான். பழைய 25 மி.மீ. கோலை வீசவில்லை. அதில் சிவப்பு நாடா சுற்றி '2.2' என்று எழுதினேன்; புதியதில் பச்சை. பேரேட்டின் நிலவரைபடங்களிலும் அதே நிறப் பென்சிலால் ஓரத்தில் ஒரு கீற்று இடுகிறோம். பக்கத்தைப் புரட்டும்போதே எந்தக் கோலால் அளந்த ஆட்டம் என்று தெரிந்துவிடும்.

டி.பி.ஏ. பதிப்புகள் தம் அடிப்படையைப் பேணியிருப்பதை இந்த வேலையின்போது நெருக்கமாக உணர்ந்தேன். அதன் படைப்பட்டியல்களில் தமிழ்ப் படைகளுக்கும் இடம் உண்டு, என்னிடம் இருப்பது சோழப் படை. யானை நிற்கும் 40-க்கு 40 மி.மீ. பேஸ் முதல் பதிப்பு முறையில் ஒட்டியது. இன்றும் அப்படியே களமிறங்குகிறது. பன்னிரண்டு அணி, நான்கு அணியை, அதுவும் எதிரி இழந்ததைவிடக் கூடுதலாக, இழந்தால் தோல்வி, ஒரு பகடையோடு போர் மதிப்பைக் கூட்டி எதிரியின் கூட்டலோடு ஒப்பிடுதல் என்பவை தொடர்கின்றன. ஆகவே '4–2, யானை இரண்டும் போயின' என்ற பழைய வரி இன்றைய ஆட்டக்காரருக்கும் நேராகப் பொருள் தருகிறது. வார்ஹாமரில் உருவத்தின் பேஸ்கூட மாறியது: மரைன்களின் 25 மி.மீ. பேஸ் 2015 வாக்கில் 32 மி.மீ. ஆனது. பழைய உருவங்களைப் பிய்த்து எடுப்பதற்குப் பதில் சுற்றிலும் வளையம் ஒட்டினோம். மணலும் பசையும் போட்டு மூடினால் இணைப்பு தெரிவதில்லை.

மேசைக்கு வேலை கொஞ்சம்தான். எங்கள் பலகை 6-க்கு 4 அடி, அதாவது 72-க்கு 48 அங்குலம். 9-ஆம் பதிப்பு முதல் 2000 புள்ளி ஆட்டத்துக்கு 60-க்கு 44 அங்குலம் குறைந்தபட்ச அளவாகச் சொல்லப்படுகிறது. போட்டிகளிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. பலகையை அறுக்காமல், நீளவாக்கில் இரு முனையிலும் 6 அங்குலமும் அகலவாக்கில் இரு பக்கமும் 2 அங்குலமும் விட்டு, பச்சைத் துணி நாடாவால் எல்லைக் கோடு ஒட்டினேன். வெளியே கிடைத்த ஓரம் பகடை உருட்டவும் அழிந்த உருவங்களை வைக்கவும் பயன்படுகிறது. 7-ஆம் பதிப்பை இன்னும் விரும்பும் இருவர் ஆடும்போது முழுப் பலகையும் அவர்களுக்கு.

ஒட்டுமொத்த வெற்றிப் பட்டியலைப் பற்றிக் கடைசியில்தான் முடிவு எட்டியது. பதிப்புகளைக் கடந்து வெற்றிகளைக் கூட்டலாமா என்று நீண்ட நேரம் பேசினோம். இப்போது பேரேட்டின் பின் அட்டையில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே பதிப்புவாரியாக வெற்றி தோல்வி இருக்கிறது. மொத்தம் என்று கூட்டப்படுவது ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை ஒன்று மட்டுமே, அதற்குப் பதிப்பு தடையில்லை. நனைந்த பேரேட்டின் 7-ஆம் பதிப்புப் பக்கங்களைப் புதியதற்கு எடுத்தெழுதும் வேலை இன்னும் நடக்கிறது. மை கலைந்த இடங்களை அன்று ஆடியவர்களிடம் கேட்டு நிரப்புகிறேன். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால் சேர்க்கிறேன், மாறுபட்டுச் சொன்னால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு 'தெளிவில்லை' என்று எழுதுகிறேன்.